ஏழாவது சுற்றுக்கு நுவரெலியா

கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்லச் சொன்னார்கள். அது ஆறாவது சுற்று நேர்காணல். நான் திருச்சியில் எங்கள் வீட்டுப் படுக்கையறையில் மடிக்கணினிக்கு முன்னால் இருந்தேன். அவர்கள் இலங்கையில், மலைமேல் ஓர் அலுவலகத்தில் இருந்தார்கள். இப்போதெல்லாம் திரையில் எதையாவது ஒளித்துவைத்துப் பார்த்துப் படித்து ஒப்பிக்கிறவர்கள் பெருகிவிட்டார்களாம். அதற்காக இந்த ஏற்பாடு. நானும் பக்தியோடு கண்ணை மூடி, இரண்டு அட்டவணைகளை ஒன்றாகச் சேர்க்கும்போது நடுவே காலிக் கட்டங்கள் ஏன் முளைக்கின்றன என்று விளக்கிக்கொண்டே போனேன். எனக்கே பெருமையாக இருக்கும் அளவுக்கு நல்ல சரளம். கண்ணைத் திறந்தபோது மின்சாரம் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. இணையம் இல்லை. எதிரே யாரும் இல்லை. கதவருகே என் கணவர் ரவி மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

"நல்லாத்தான் சொன்னே" என்றார்.

மறுநாள் மின்னஞ்சல் வந்தது. இனி நேரில் பார்த்துவிடுவோம், நுவரெலியாவுக்கு வந்துவிடுங்கள், செலவு எங்களுடையது என்று எழுதியிருந்தார்கள்.

நான் வசந்தி. வயது நாற்பத்தொன்று. கம்பெனிகளில் குவிந்து கிடக்கும் எண்களைத் துழாவி, இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால் என்று எதையாவது எடுத்துச் சொல்வது என் தொழில். டேட்டா அனலிஸ்ட் என்பார்கள். ஆட்குறைப்பில் வேலை போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த எட்டு மாதத்தில் நான் பார்த்த நேர்காணல்களைத் தனிப் புத்தகமாகப் போடலாம். ஓரிடத்தில், "நீங்கள் ஒரு வரைபடமாக இருந்தால் எந்த வரைபடமாக இருப்பீர்கள்?" என்று கேட்டார்கள். மதியம் ஒன்றரை மணி, பசி. ஆறு துண்டாக வெட்டிய கேக் போல இருக்குமே, அதைச் சொன்னேன். இன்னோரிடத்தில் மூன்று நாள் வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். நான் முடித்து அனுப்புவதற்குள் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். வேறொரு பையன் கேள்வி கேட்கிற மும்முரத்தில் என்னை "ஆன்ட்டி" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். நிராகரிப்புக் கடிதங்கள் மட்டும் எல்லா இடத்திலிருந்தும் ஒரே மாதிரி வந்தன: "உங்கள் திறமை எங்களை வெகுவாகக் கவர்ந்தது. ஆயினும்..."

இந்த நுவரெலியா நிறுவனம் தேயிலைத் தோட்டங்களுக்காக எண்களைப் பார்த்துச் சொல்கிறது. வேலை ஒன்றே ஒன்றுதான். இரண்டு மாதம் அங்கே இருந்து பழகிவிட்டு, பிறகு வீட்டிலிருந்தே செய்யலாம். "போயிட்டு வா. வேலை கெடைக்காட்டியும் டீயாவது நல்லாருக்கும்" என்றார் ரவி.

விமானம், விசா புராணமெல்லாம் வேண்டாம். நேரே கண்டியிலிருந்து மலையேறும் பஸ்ஸுக்கு வந்துவிடுகிறேன்.

ஓட்டுநருக்கு முன்னால் புத்தர், பிள்ளையார், முருகன், மாதா எல்லோரும் வரிசையாக இருந்தார்கள், நடுவில் மின்னும் சிறு விளக்குகள். நம்மூரில் ஒரு சாமியை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பயம். முதல் வளைவிலேயே காரணம் புரிந்தது. அந்த வேகத்துக்கு ஒரு சாமி போதாது.

பக்கத்து இருக்கையில் ராமையா என்று ஒரு பெரியவர். காலடியில் ஒரு மூட்டை தேங்காய். வளைவு வரும்போதெல்லாம் தேங்காய்கள் என் காலுக்கும் அவர் காலுக்கும் இடையே உருண்டு குடும்பம் நடத்தின.

"எங்கேருந்து வாரீங்க?"

"இந்தியாங்க. திருச்சி."

"அட, நம்ம பக்கந்தான்! எங்க பாட்டன் துறையூருலேர்ந்து வந்தவரு. துறையூருல பெரியசாமின்னு யாரையும் தெரியுமா?"

எந்தப் பெரியசாமி என்று கேட்டேன். அது அவருக்கும் தெரியவில்லை. பாட்டனுடைய தம்பி மகனோ பேரனோவாம். முன்சீட்டு அம்மா திரும்பி, தன் பாட்டிக்கு முசிறி என்றார். பின்னால் ஒருவர் பெரம்பலூர். பேச்சைக் கேட்டால் நான் ஏதோ திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் ஏறியவள் போலவே இருந்தது. நான் சொந்த ஊரைவிட்டு எங்கும் போகவில்லையோ என்று சந்தேகம் வந்த நேரத்தில், இறம்பொடைக்கு அருகே பஸ் நின்று மூக்கால் புகை விட்டது.

எஞ்சின் கொதித்துவிட்டது. கண்டக்டர் எல்லோரையும் இறங்கச் சொல்லிச் சிங்களத்தில் ஏதோ அறிவித்தார். ஆட்கள் சிரித்தார்கள். ராமையா எனக்காக மொழிபெயர்த்தார்: "வெளிநாட்டுக்காரங்க இந்த அருவியப் பாக்க பிளேன் ஏறி வாராங்களாம். நம்மளுக்கு பஸ்ஸே நின்னு காட்டுதாம். பேசாம பாக்கணுமாம்."

பேசாமல் பார்த்தோம். அருவி எதிர் மலையில் வெள்ளைத் துண்டைக் காயப்போட்டது போல இருந்தது. கண்டக்டர் தண்ணீர்க் கேனோடு ஓடினார். ராமையா அருவியைவிட என்மேல்தான் அக்கறையாக இருந்தார்.

"என்ன வேலையா வந்திருக்கீங்க?"

"ஒரு இன்டர்வியூங்க. டேட்டா வேலை."

"டேட்டாவா? போனுக்கு ரீலோட் போடுறதா?" அவர் முகத்தில் நிஜமான வருத்தம். "அதுக்கு இந்தியாவுல இருந்து ஆள் எடுக்குறாங்களா? எங்க டவுன்லயே நாலு கடை இருக்கே."

"அது இல்லீங்க. எந்த மலையில கொழுந்து எவ்வளவு வருது, ஏன் கொறையுதுன்னு கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்ற வேலை."

"மழை இல்லாட்டிக் கொறையும். இதுக்குக் கம்ப்யூட்டரா?"

"ஒரம் போடாட்டியும் கொறையும்" என்றார் முசிறி அம்மா.

"ஆளு எங்க இருக்கு? எளந்தாரிங்க பூரா கொழும்புக்குப் போயிட்டாங்க" என்றார் பெரம்பலூர்.

"அட்டை கடிச்சா எப்பிடி வேகமா எடுக்குறது?" என்றது இன்னொரு குரல்.

நான் குறிப்பேட்டை எடுத்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். நேர்காணலுக்கு இதைவிட நல்ல பயிற்சி வகுப்பு இணையத்தில் கிடைக்காது.

நுவரெலியாவில் இறங்கியதும் குளிர் அறைந்தது. திருச்சியில் ஸ்வெட்டர் விற்கிற கடைகள் உண்டு. வாங்குகிறவரை நான் பார்த்ததில்லை. நானும் வாங்காமல் வந்திருந்தேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வரிசையாகக் குளிராடைக் கடைகள். பற்கள் தாளம் போட, முதல் கடையிலேயே நுழைந்தேன். என் அளவுக்கு இருந்தது ஒன்றே ஒன்று: கத்திரிப்பூ நிறத்தில், தலைக்கு மூடாக்கு வைத்த ஜாக்கெட். மூடாக்கின் உச்சியில் இரண்டு முயல் காதுகள். கடைக்காரர் சிங்களத்தில் என்னவோ பாராட்டினார். "நோனாவுக்கு நல்லாப் பொருந்துதாம்" என்று பக்கத்துக் கடைப் பெண் சொன்னாள். நோனா என்றால் சீமாட்டி. காதுகளை உள்ளே மடித்துவிடலாம் என்று நம்பி வாங்கினேன்.

தங்குமிடம் கடைவீதியில், ஒரு மளிகைக் கடைக்கு மேலே. கடையும் அறைகளும் லோகநாதன் என்பவருடையவை. நெற்றியில் பட்டை, கழுத்தில் மப்ளர், மேசையில் கற்பூரவாசம். சாவியை எடுக்காமல் என்னைத் தயக்கத்தோடு பார்த்தார்.

"கம்பெனியில ரெண்டு பேருக்கு ஒரு ரூமுன்னு போட்டிருக்காங்க. அந்தப் புள்ள மத்தியானமே வந்திருச்சு. சீசன் நேரம், வேற ரூம் இல்லீங்க. கோவிச்சுக்காதீங்க."

கதவைத் திறந்தேன். இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி கட்டில்மேல் துண்டை விரித்து வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பெயர் தர்ஷினி. ராகலைக்கு அப்பால் ஒரு தோட்டம். கம்ப்யூட்டரில் பட்டம் வாங்கிவிட்டு, இரண்டு வருடமாக ராகலையில் ஒரு போன் கடையில் வேலை. காலை எட்டு மணிக்குப் பரீட்சை, முதல் பஸ்ஸை நம்ப முடியாது, அதனால் முந்தின நாளே வந்துவிட்டாளாம்.

"நீங்களும் இன்டர்வியூவுக்கா அக்கா?"

"ஆமாம்மா."

"அந்த டேட்டா வேலைக்கா?"

"ஆமாம்."

இஸ்திரிப் பெட்டி சட்டைமேல் கொஞ்ச நேரம் அதிகமாகவே நின்றுவிட்டது. கருகல் வாசனை வந்த பிறகுதான் இருவரும் பதறினோம். நல்லவேளை, கருகியது துண்டு.

ஒரே வேலைக்குப் போட்டி போடும் இரண்டு பேர் ஒரே அறையில் தங்கினால் எப்படி இருக்கும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. முதலில் இருவரும் மடிக்கணினியை ஒருவருக்கொருவர் தெரியாமல் திருப்பி வைத்துக்கொண்டோம். பிறகு ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தான் இருக்கிறது என்று தெரிந்தது. முறைவைத்துச் சார்ஜ் போட்டோம். அதற்குள் லோகநாதன் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார். ரொட்டி, கட்டச் சம்பல், பருப்பு. கட்டச் சம்பல் என்பது மிளகாயையும் வெங்காயத்தையும் இடித்து நாக்குக்கு வைக்கும் வெடி. முதல் வாயிலேயே என் குளிர் பறந்தது. கண்ணீரோடு நான் தண்ணீர் தேட, தர்ஷினி பிளேன்டீயை நகர்த்தி, "இதக் குடிங்க அக்கா, தண்ணி குடிச்சா இன்னும் ஏறும்" என்றாள். சூடான டீ இன்னும் ஏற்றியது. போட்டியாளர் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆனால் அவள் நிஜமாகவே சிரிப்பை அடக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தாள். நானும் சிரித்துவிட்டேன்.

இரண்டாம் நாள். பாண் எனும் பிரெட்டும் பருப்பும் சாப்பிட்டுவிட்டு மேட்டு ரோட்டில் நடந்து போனோம். அலுவலகம் ஒரு பழைய பங்களா. உள்ளே மூன்றாவது போட்டியாளர் நிஷான் இருந்தான். கொழும்புப் பையன், சிங்களம், மடிக்கணினி முழுக்க ஸ்டிக்கர். எங்கள் இருவரோடும் ஆங்கிலத்தில் கைகுலுக்கி, தானே கொண்டுவந்த பிஸ்கட்டை நீட்டினான். வெறுக்க முடியாத பையன். அதுவே பெரிய இடைஞ்சல்.

பரீட்சை எளிதாகச் சொல்லப்பட்டது. ஒரு தோட்டத்தின் மூன்று மாதத்துக் கொழுந்து எடை, பெயர்கள் இல்லாமல், ஆள் எண்கள் மட்டும். காலை, மதியம், மாலை என்று ஒவ்வொருவரும் எடுத்தது எத்தனை கிலோ. "இதில் விசித்திரமாக ஒன்றைக் கண்டுபிடியுங்கள். மதியத்துக்கு மேல் ஒவ்வொருவராக வந்து சொல்லுங்கள்." அவ்வளவுதான்.

ஜன்னல் சரியாகச் சாத்தாமல் மூடுபனி உள்ளே வந்து எங்களோடு உட்கார்ந்தது. விரல்கள் விறைத்தன. நான் கத்திரிப்பூ ஜாக்கெட்டைக் கழற்றவே இல்லை. பதினொரு மணிவாக்கில் பிடித்துவிட்டேன்.

நாற்பத்தேழாம் எண். காலை, மதிய எடைகளைப் பார்த்தால் நாளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோதான் தேறும். ஆனால் சில வாரங்களாக, மாலை எடை போடும்போது மட்டும் அன்றைய மொத்தம் மிகச் சரியாகப் பதினெட்டுக்கு வந்து நிற்கிறது. ஒரு நாளைக்கு எடுத்தாக வேண்டிய அளவும் அதே பதினெட்டு. அதே நாட்களில் பக்கத்து எண்காரர்கள் நான்கைந்து பேருக்கு ஒன்று, ஒன்றரைக் கிலோ குறைகிறது. கூட்டாகச் செய்கிறார்கள்! எட்டு மாதத்தில் முதல் தடவையாக எனக்கு வேலை கிடைத்துவிட்டது போன்ற பூரிப்பு. சிவப்பு வட்டமெல்லாம் போட்டு படம் வரைந்தேன்.

மதியம் சாப்பாட்டுக் கடையில் நானும் தர்ஷினியும் எதிரெதிரே. மீன் குழம்பு பிரமாதம். ஆனால் கண்டுபிடித்ததை வாய்க்குள் வைத்துக்கொண்டு சாப்பிடுவது எனக்கு முடியாத காரியம்.

"நாப்பத்தேழாம் நம்பரப் பாத்தியா?" என்று கேட்டே விட்டேன்.

அவள் கை சோற்றில் நின்றது. "பாத்தேன். நீங்க அதச் சொல்லப் போறீங்களா அக்கா?"

"பின்னே? அப்பட்டமா தெரியுதே."

சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "நாப்பத்தேழு புள்ளத்தாச்சியா இருக்கும். இல்லாட்டி ஒடம்பு முடியாத ஆளு. எங்க பக்கம் ஒரு நாளு வேலை செஞ்சா ஒரு பேருன்னு சொல்வோம். சொன்ன கிலோ எடுக்காட்டி அரைப் பேருதான் போடுவாங்க, சம்பளமும் பாதிதான். அதனால தராசுக்கு வரிசையில நிக்கிறப்ப, பக்கத்துல உள்ளவங்க ஆளுக்கு ரெண்டு கை கொழுந்த அள்ளி அவ சாக்குல போட்ருவாங்க. யாரும் கேட்டுச் செய்றதில்ல. சும்மா போட்ருவாங்க."

"கணக்கப்பிள்ளை பாக்க மாட்டாரா?"

"அந்த நேரம் பாத்து அவருக்கு மூக்குக் கண்ணாடி தொடைக்கணும் போல இருக்கும்." சிரித்தாள். "நான் வயித்துல இருந்தப்ப எங்கம்மா சாக்குலயும் போட்டிருக்காங்க. அப்பிடி வந்த ஆளுதான் அக்கா நானு."

மீன் குழம்பை ஓரமாகத் தள்ளி வைத்தேன். காலை முழுக்க உழைத்துக் கண்டுபிடித்த ஒரே வைரம், கையில் எடுத்துப் பார்த்தால் யாரோ ஒருத்தியின் வயிற்றுப் பிள்ளை.

"அப்ப நீ என்ன சொல்லப் போறே?"

"வேற ஒண்ணு கெடைச்சிருக்கு."

"என்னது?"

"அதச் சொல்ல மாட்டேன் அக்கா. போட்டி போட்டிதானே."

நியாயம்தான். ஊறுகாய் மட்டும் என் பக்கம் நகர்த்தினாள்.

முதலில் நிஷான் உள்ளே போனான். வெளியே வந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அடுத்தது நான்.

மேசைக்குப் பின்னால் மூவர். மனிதவளப் பிரிவு அம்மையார் ஒருவர். தாடி வைத்த இளம் தொழில்நுட்பத் தலைவர். கடைசியில், கைத்தடியோடு, முன்பு தோட்டத்தை நிர்வகித்து ஓய்வுபெற்ற துரை ஒருவர், சிங்களவர். பேச்செல்லாம் ஆங்கிலம். நான் உட்காரும் முன்பே தாடிக்காரர் திரையைத் திருப்பிக் காட்டினார். நாற்பத்தேழாம் எண். என் படத்தைவிட அழகாக, மூன்று வண்ணத்தில். நிஷான் வேலை.

"முன்னால் வந்தவர் இது மோசடி என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

நான் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் போயிருந்தேன். ராமையா வகுப்பில் எழுதிய அட்டைப்பூச்சிக் குறிப்புவரை ஒத்திகை பார்த்திருந்தேன். இப்போது தப்பிக்க வழியில்லை. மோசடி என்று ஒத்துக்கொள்வது சுலபம். கையில் சிவப்பு வட்டமே இருக்கிறது. ரவி முகம் ஞாபகம் வந்தது. எட்டு மாதத்து 'ஆயினும்'கள் ஞாபகம் வந்தன.

"அந்த நாட்களில் அந்த மலையின் மொத்த எடையைக் கூட்டிப் பார்த்தீர்களா?" என்று கேட்டேன்.

தாடிக்காரர் கூட்டினார். தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்த எடையோடு அப்படியே பொருந்தியது.

"ஒரு பிடி கொழுந்துகூட இல்லாததை இருப்பதாக எழுதவில்லை. சாக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அரைப் பேர் போட வேண்டியவளுக்கு ஒரு பேர் போயிருக்கும், அது உண்மை. அதைத் தடுக்கலாமா, கண்டுகொள்ளாமல் விடலாமா என்பதை இந்த எண்கள் சொல்லாது. அதை நீங்கள்தான் முடிவு செய்யணும். என்னைக் கேட்டால், மோசடி என்ற சொல்லை நான் எழுத மாட்டேன்."

தாடிக்காரர் திரையை மறுபடி பார்த்தார். பிறகு கைத்தடித் துரை குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார். "முப்பது வருஷம் தோட்டத்தில் இருந்தேன். எனக்குத் தெரியாது என்று அந்தப் பெண்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். தெரியும் என்று மட்டும் நான் காட்டியிருந்தால், மறுநாள் காலை பெரட்டுக்கு நானும் என் நாயும்தான் நின்றிருப்போம்." விடியற்காலையில் எல்லோரையும் நிறுத்தி வேலை பிரித்துக் கொடுப்பதற்குப் பெயர் பெரட்டு. பிறகு தாடிக்காரர் பக்கம் திரும்பி, தோட்டத்தில் பழகிய தமிழில் சொன்னார்: "நாப்பத்தேழு வேணாம். விடு."

தாடிக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் விட்டுவிட்டார்.

மனிதவள அம்மையார் கடைசியாகக் கேட்டார், "உங்கள் பலவீனம் என்ன?"

"குளிர்" என்றேன்.

மூவரும் சிரித்தார்கள். நகைச்சுவை எடுபட்டுவிட்டது என்ற மகிழ்ச்சியோடு வெளியே வந்து நடைக்கூடக் கண்ணாடியில் பார்த்தேன். மூடாக்கு தலையில்தான் இருந்தது. இரண்டு காதும் நிமிர்ந்து நின்றன. மொத்த நேர்காணலையும் நான் முயலாகவே முடித்திருக்கிறேன்.

தர்ஷினி உள்ளே போய் ஒரு மணி நேரம் ஆகியும் வரவில்லை. திரும்பி நடக்கும்போதுதான் சொன்னாள். புதன்கிழமைகளில் மட்டும் ஒரு மலையில் கொழுந்து அமோகமாக வருவதாக அந்த நிறுவனமே ஒரு முடிவுக்கு வந்திருந்ததாம். அதை நம்பி ஆட்களைக்கூட மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்களாம். "அந்த மலை எங்க பக்கம் உள்ளதுதான், நான் பாத்த ஒடனே கண்டுபுடிச்சிட்டேன். செவ்வாக்கெழமை மத்தியானம் எடையே இல்ல, காலியா இருக்கு. அந்த நேரம் பள்ளத்துப் பக்கம் எடுப்பாங்க, அங்க சிக்னல் இல்ல அக்கா. எங்க கடைக்கு வாரவங்க தெனம் திட்டுவாங்க. எடை போடுற மெசின் சிக்னல் கெடைக்காம வச்சிருந்து, மறுநாளு டவுனுக்கு வந்தப்புறந்தான் அனுப்புது. செவ்வாக்கெழமை கொழுந்து பூரா புதங்கெழமையில விழுது."

நான் ரோட்டில் நின்றுவிட்டேன். அந்தக் காலிக் கட்டங்களை நானும் பார்த்தேன். பதினான்கு வருட அனுபவத்தோடு, 'விடுபட்டவை' என்று ஒதுக்கித் தள்ளிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனேன்.

"பிரமாதம்" என்றேன். வயிற்றெரிச்சலோடுதான் சொன்னேன். ஆனாலும் பிரமாதம்தான்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு முடிவு வரும் என்றார்கள். எனக்கு நானுஓயாவில் ரயில். "சேந்தே பாத்திருவோம் அக்கா" என்று தர்ஷினியும் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். ஆட்டோக்காரர் இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டுச் சும்மா உருட்டினார். பெட்ரோல் மிச்சமாம். கடைசியில் ஒரு சின்ன ஏற்றம் வந்தபோது எஞ்சின் உயிர்பெற மறுத்துவிட்டது. நானும் தர்ஷினியும் இறங்கித் தள்ளினோம். "இந்தியாவுல இப்பிடித் தள்ளுவீங்களா?" என்று அவர் உள்ளிருந்தபடியே விசாரித்தார். அங்கே ஓட்டுநரும் இறங்குவார் என்றேன்.

நடைமேடையில் சூடான வடை, மேலே ஒரு முழு இறால் ஒட்டவைத்தது. ஆளுக்கு இரண்டு வாங்கி உட்கார்ந்தோம். பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு இரண்டு போன்களும் ஒன்றாகச் சிணுங்கின.

'வாழ்த்துகள்! உங்களைத் தேர்ந்தெடுத்ததில் மகிழ்ச்சியடைகிறோம்' என்று என் திரையில் ஓடியது.

நான் கத்தியதில் ஸ்டேஷன் மாஸ்டர் வெளியே வந்து பார்த்தார். உடனே ரவிக்குப் போன் போட்டேன். "என்னங்க, கெடைச்சிருச்சு!" அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய "ஏய்!" பிறகு, "நா பாயசம் வைக்கிறேன்" என்றார். அவருக்குச் சமையலில் தெரிந்தது அது ஒன்றுதான்.

தர்ஷினி என் கையைப் பிடித்து, "ரொம்பச் சந்தோசம் அக்கா. நெசமாத்தான் சொல்றேன்" என்றாள். பிறகு முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று குழாயடிக்குப் போனாள். ஒரு முகத்தைக் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது.

நான் இன்னொரு முறை ருசித்துப் படிப்போம் என்று மின்னஞ்சலைத் திறந்தேன். இந்த முறை முதல் வரியிலிருந்து.

'அன்புள்ள தர்ஷினி...'

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வடை தின்னும் நேரம் நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். எழுத்துப்பிழையாக இருக்கலாமே, பெயர் மட்டும் மாறியிருக்கலாமே, கேட்காமல் போய்ச் சேர்ந்துவிட்டால் என்ன என்று என்னென்னவோ தோன்றியது. குழாயடியில் தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது வடையை எடுத்தேன். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை.

"தர்ஷினி, ஒனக்கு வந்தத எடு. மொத வரியப் படி."

ஈர முகத்தோடு வந்து படித்தாள். 'அன்புள்ள வசந்தி, உங்கள் திறமை எங்களை வெகுவாகக் கவர்ந்தது. ஆயினும்...'

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். முதலில் எனக்குத்தான் விளங்கியது, தொழில் புத்தி. ஆங்கில எழுத்து வரிசையில் தர்ஷினி, நிஷான், வசந்தி. பெயர்களை மேலிருந்து கீழாக அடுக்கிய யாரோ ஒருவர், முகவரிகளைக் கீழிருந்து மேலாக அடுக்கிவிட்டார். முதலும் கடைசியும் இடம் மாறிவிட்டன. நடுவில் நின்றவனுக்கு மட்டும் சரியாகப் போயிருக்கும். நிஷானுக்குப் போன் போட்டோம். அவனுக்கு அவன் பெயரிலேயே, காத்திருப்போர் பட்டியல் என்று வந்திருந்தது. விஷயத்தைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். டேட்டா கம்பெனி!

அலுவலகத்துக்குப் போன் செய்தபோது மனிதவள அம்மையார் முதலில், "எங்கள் பதிவேட்டில் எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது?" என்றார். பிறகு மறுமுனையில் தாடிக்காரரின் குரலும் நாற்காலி நகரும் ஓசையும் கேட்டன. பிறகு மன்னிப்பு. வேலை தர்ஷினிக்குத்தான்.

அவள் குதிக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். "அக்கா, நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்" என்றாள்.

"ஒரு வடை நேரம் இருந்தேன்" என்றேன்.

அழுதுகொண்டே சிரித்தாள். அவள் அம்மாவுக்குப் போன் போட்டாள். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு அந்த இடத்தில் சிக்னல் இல்லை. மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டே இருந்தாள்.

ரயில் வளைவில் தெரிந்தபோது நான் ரவியைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். பின்னணியில் கரண்டி பாத்திரத்தில் மோதும் சத்தம் மட்டும் கேட்டது.

"வெல்லம் போட்டுட்டேனே" என்றார்.

"போட்டா என்ன? கொட்டிராதீங்க. பக்கத்து வீட்டுக்கும் குடுத்து நீங்களும் குடிங்க" என்றேன். "ஒரு பொண்ணுக்கு வேலை கெடைச்சிருக்கு."